காய்ந்த எச்சம், கீறாத கார்

மஸ்ஜித் இந்தியா பக்கம் பட்டுப்புடவை வாங்கப் போகும் குடும்பங்கள் முதலில் தேடுவது நல்ல கடையை அல்ல, காருக்கு நிழலைத்தான். மரத்தடியில் இடம் கிடைத்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம். மூன்று மணி நேரம் கழித்துப் பைகளோடு திரும்பினால், மைனாக்களும் காகங்களும் பானெட்டில் கோலம் போட்டிருக்கும். வெயிலில் அது சிமெண்டு போல இறுகியும் இருக்கும்.

அந்த நேரத்தில் நம்மவர்கள் கை என்ன செய்யும் தெரியுமா? ஒரு டிஷ்யூவை எடுக்கும், அழுத்தித் துடைக்கும். எச்சம் போய்விடும், கீறல் தங்கிவிடும்.

நாம் பார்க்கும் நிறத்தின் மேல், பட்டறைக்காரர்கள் ‘கிளியர் கோட்’ என்று சொல்லும் நிறமற்ற ஒரு பூச்சு இருக்கிறது. பெரும்பாலான கார்களில் அதன் தடிமன் 40, 50 மைக்ரான்தான். தலைமுடி ஒன்று ஏறக்குறைய 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பறவை எச்சத்தில் யூரிக் அமிலம் உண்டு, பொடி மணலும் உண்டு. வெயிலில் பூச்சு இளகி விரிகிறது. மாலையில் குளிரும்போது எச்சத்தின் வடிவத்திலேயே சுருங்குகிறது. அதனால்தான் கழுவிய பிறகும் அந்த இடம் மங்கலாகத் தெரிகிறது.

செய்ய வேண்டியது மிக எளிது, ஆனால் பொறுமை வேண்டும். டிஷ்யூவைத் தண்ணீரில் நன்றாக நனைத்து எச்சத்தின் மேல் போர்த்தி, பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். பக்கத்தில் ஒரு தே தாரேக் குடித்துவிட்டு வரலாம். பிறகு தேய்க்காமல் அப்படியே அள்ளி எடுங்கள். மிச்சம் இருந்தால் இன்னொரு முறை.

கோலாலம்பூர் என்ற பெயருக்கே சேறு கலக்கும் ஆற்றுமுகம் என்றுதான் பொருள். மஸ்ஜித் இந்தியாவிலிருந்து சில நிமிடம் நடந்தால் கிள்ளானும் கோம்பாக்கும் கூடும் இடத்தைப் பார்க்கலாம். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் சேறு பூசி நின்ற கார்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படிக் காய்ந்த சேற்றில் துணியே படக்கூடாது. மேலிருந்து கீழாகத் தண்ணீரை ஓடவிட்டு, ஊறவைத்து, மறுபடி ஓடவிட வேண்டும். 2015 புகைமூட்டத்தின்போது படிந்தது போன்ற சாம்பல் தூசிக்கும் இதே வழிதான். கோழி இறகுத் துடைப்பத்தால் காய்ந்த தூசியைத் தட்டும் பழக்கம் நம் அப்பாக்களிடமிருந்து வந்த சொத்து. அதை மட்டும் நாம் வாங்கிக்கொள்ள வேண்டாம்.

கழுவும்போது இரண்டு வாளி வையுங்கள். ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். துணியை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்புவில் முக்க வேண்டும். பாத்திரம் கழுவும் திரவம் மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும். பச்சை நாரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நான் போன ஒரு கார் கழுவும் இடத்தில் தரையில் விழுந்த பஞ்சையே எடுத்து மறுபடி கதவில் தேய்த்தார்கள். அதற்குப் பிறகு வீட்டில்தான் கழுவுகிறேன்.

நமக்கே உரிய ஒன்று, பூசை போட்ட கார். காய்ந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் நகத்தால் சுரண்டாதீர்கள். ஈரத் துணியை மேலே போட்டு ஊறவிட்டால் கழன்று வரும். வெள்ளைக் காரில் மஞ்சள் கறை நின்றாலும் கவலை வேண்டாம், அது வெயிலில் மெல்ல வெளுத்துவிடும்.

கழுவி முடித்ததும் கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் கிளே பார் வேண்டும். ஷாம்பு தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் வழுக்கிச் செல்ல விடுங்கள். அது கீழே விழுந்தால் தயங்காமல் குப்பையில் போடுங்கள், ஒட்டிய மணல் பூச்சைக் கிழித்துவிடும்.

எச்சம் ஏற்கெனவே பள்ளம் பறித்திருந்தால் பாலிஷ்தான் வழி. ஆனால் பாலிஷ் என்பது அந்த 40 மைக்ரானிலிருந்து கொஞ்சத்தைச் சீவி எடுப்பது. பட்டறைக்காரர் எத்தனை முறை வேண்டுமானாலும் செய்து தருவார், பூச்சு அத்தனை முறை தாங்காது.