புது ஓட்டக் காலணியும் உடற்பயிற்சி உடையும்

கால் மீது விழும் சுமை

ஓடும்போது ஒவ்வொரு காலடியிலும் உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை பாதத்தில் இறங்குகிறது. நடையில் இது உடல் எடையைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். நிமிடத்துக்கு 160 அடி வீதம் அரை மணி நேரம் ஓடுபவரின் கால்கள் 4,800 முறை தரையைத் தொடுகின்றன. ஒரு காலணிக்குள் துருத்திக்கொண்டிருக்கும் தையல், அந்த ஓட்டத்தில் 2,400 முறை அதே தோலை உரசும். கடையில் நாலடி நடந்து பார்க்கும்போது பொருட்படுத்தத் தோன்றாத உறுத்தல், சாலையில் சில கிலோமீட்டருக்குள் கொப்புளமாவது இதனால்தான்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா மாரத்தானை வெறுங்காலில் ஓடி வென்றார். ரோமில் கிடைத்த புதுக் காலணி காலுக்கு ஒத்துவராததால், பயிற்சியில் பழகியபடி வெறுங்காலில் ஓடுவதே மேல் என்று அவர் முடிவெடுத்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு டோக்கியோவில், பொருத்தமான காலணி அணிந்து மீண்டும் தங்கம் வென்றார். வெறுங்கால் உயர்ந்ததா, காலணி உயர்ந்ததா என்ற விவாதத்துக்கு இந்தக் கதையைப் பலரும் இழுப்பதுண்டு. பொருந்தாத காலணியைப் பந்தய நாளில் முதன்முறையாக மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதே இதிலிருந்து ஓட்டக்காரர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி.

கடையில் பார்க்க வேண்டியவை

பகல் முழுவதும் நின்று நடந்த பாதம் மாலையில் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போதும் பாதம் அப்படித்தான் பெருக்கிறது. ஆகவே காலணி வாங்க மாலை நேரமே ஏற்றது. ஓடும்போது எந்த சாக்ஸ் போடப்படுமோ அதே சாக்ஸுடன் போட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலானோருக்கு ஒரு பாதம் மற்றதைவிடச் சிறிதளவு பெரிதாக இருக்கும். பெரிய பாதமே அளவு. எழுந்து நின்ற நிலையில், மிக நீண்ட விரலுக்கும் காலணியின் முனைக்கும் இடையே கட்டைவிரல் அகல இடம் தேவை. அந்த இடம் இல்லாவிட்டால் இறக்கத்தில் ஓடும்போது நகம் முட்டி, அடியில் இரத்தம் கட்டிக் கறுத்துவிடும்.

நீளத்தைக் கேட்டு வாங்குபவர்கள் அகலத்தைக் கேட்பதில்லை. இந்தியர்களைப் பொறுத்தவரை சிக்கலே அங்கேதான் இருக்கிறது. சென்னை அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்தது. இந்தியப் பாதங்கள் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானவை என்று அந்த ஆய்வில் தெரியவந்தது. சந்தையில் கிடைக்கும் காலணிகளோ பெரும்பாலும் பிரிட்டிஷ், ஐரோப்பிய, அமெரிக்க அளவுகளில் வருகின்றன. முன்பக்கம் பிடிக்கிறது என்பதற்காக ஒரு அளவு கூட்டி வாங்கினால் குதிகால் தளர்ந்து வழுக்குகிறது. வழுக்கும் குதிகாலில் கொப்புளம் வருகிறது. நீளத்தைக் கூட்டுவதற்கு மாறாக, அதே அளவில் அகல வடிவம் உண்டா என்று கடையில் கேட்பதே முறை. குதிகால் சிறிதளவு மட்டும் எழும்பினால், லேஸைக் கடைசித் துளை வரை கோத்து இறுக்கிக் கட்டுவது பெரும்பாலும் போதும்.

பாத வளைவைப் பார்த்துக் காலணி சொல்வது

ஈரக் காலைத் தரையில் பதித்து, தட்டைப்பாதமா, உயர்ந்த வளைவா என்று பார்த்து, அதற்கேற்ற காலணியைப் பரிந்துரைக்கும் வழக்கம் பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த முறை சோதனையில் நிற்கவில்லை. அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரைன் படைப் பயிற்சியாளர்களிடம் நடந்த ஆய்வுகளில், பாத வடிவத்தைப் பார்த்துக் காலணி பெற்றவர்களும் எல்லோருக்கும் பொதுவான காலணி பெற்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் காயமடைந்தனர். 2022இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, 11,000 பேருக்கு மேல் பங்கேற்ற 12 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. பாத அமைப்பைக் கொண்டு காலணி தேர்ந்தெடுப்பதால் காயம் குறையும் என்பதற்கு அதிலும் சான்று கிடைக்கவில்லை.

கனடாவின் கால்கரி பல்கலைக்கழகப் பேராசிரியர் பென்னோ நிக், தம் குழுவினருடன் 2015இல் இதற்கு வேறொரு கோணம் தந்தார்: அணிந்தவுடன் சௌகரியமாக இருக்கும் காலணியே அந்த உடலின் இயல்பான அசைவுக்குத் தடையில்லாதது. இது இன்னும் முழுமையாக நிறுவப்படாத கருத்துதான் என்றாலும், கடையில் நிற்பவருக்கு இதைவிடப் பயனுள்ள அளவுகோல் கைவசம் இல்லை. "போடப் போடப் பழகிவிடும்" என்று விற்பனையாளர் சொல்லும் ஓட்டக் காலணியை அங்கேயே வைத்துவிட்டு வருவது நல்லது. தோல் செருப்புக்கு வேண்டுமானால் அந்தப் பேச்சு பொருந்தலாம். கார்பன் தகடு பொருத்திய உயர்விலைக் காலணிகள் பந்தய வேகத்தில் ஓடுபவர்களுக்காக உருவானவை. புதிதாக ஓடத் தொடங்குபவருக்கு அவை தேவையில்லை.

முதல் சில வாரங்கள்

புதுக் காலணியை முதலில் வீட்டுக்குள் ஒரு மணி நேரம் அணிந்து நடந்து பார்க்கலாம். மாற்றித் தருவதற்கான கெடு முடியும் முன்பே குறை தெரிந்துவிடும். பிறகு இரண்டு மூன்று கிலோமீட்டர் மெதுவான ஓட்டம், அதன் பின் பழைய காலணியோடு மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது என்று சில வாரங்கள் போகட்டும்.

இந்த நிதானத்துக்குக் காரணம் தோல் மட்டும் இல்லை. குதிகால் முன்பாதத்தைவிட எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பது காலணிக்குக் காலணி மாறுகிறது. வழக்கமான ஓட்டக் காலணிகள் பலவற்றில் இது 8 முதல் 12 மில்லிமீட்டர் இருக்கும். சிலவற்றில் அறவே இருக்காது. உயரம் குறையக் குறைய, முழங்காலின் சுமையில் ஒரு பகுதி கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாணுக்கும் மாறுகிறது. தசைநாண் புதுச் சுமைக்கு ஏற்ப வலுப்பெறப் பல வாரங்கள் எடுக்கும். காலணியை மாற்றிய அதே வாரத்தில் தூரத்தையும் கூட்டுபவர்கள் காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகால் வலியோடு தவிப்பதைக் காணலாம்.

காலணியின் ஆயுள் ஏறத்தாழ 500 முதல் 800 கிலோமீட்டர். அடிப்பக்க ரப்பர் தேயாமல் இருந்தாலும் நடு அடுக்கில் உள்ள இவிஏ நுரை அழுந்தி அழுந்தித் தன் துள்ளலை இழந்துவிடும்.

வியர்வை ஆற வேண்டும்

ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் உடலிலிருந்து சுமார் 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறுகிறது. ஆவியாகாமல் சொட்டும் வியர்வையால் உடல் குளிர்வதில்லை. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் ஈரமான விடியற்காலையில் இதுதான் நடக்கிறது. பருத்தி இழை சாதாரண நிலையிலேயே தன் எடையில் சுமார் 8.5 சதவீத ஈரத்தை வைத்திருக்கும், பாலியெஸ்டர் 0.4 சதவீதம்தான். நனைந்த பருத்தி பனியன் கனத்து உடலோடு ஒட்டி உரசும். மெல்லிய பாலியெஸ்டர் உடை ஈரத்தை வெளிப்புறத்துக்குப் பரப்பிச் சீக்கிரம் காய்கிறது. மெதுநடைக்குப் பருத்தியே போதும். நீண்ட ஓட்டத்துக்கு ஏற்றதில்லை. சாக்ஸிலும் பருத்தியைத் தவிர்ப்பது கொப்புளத்தைக் குறைக்கும்.

புது உடையைத் துவைத்த பிறகே அணிய வேண்டும். பாலியெஸ்டருக்கு ஏற்றும் சில சாயங்கள் தோல் ஒவ்வாமையை உண்டாக்குபவை. வியர்வையில் அவை கசியும். துணியை மென்மையாக்கும் திரவத்தில் அலசினால், அது இழைகளின் மேல் படிந்து ஈரத்தைக் கடத்தும் திறனைக் கெடுத்துவிடும். அக்குள், தொடை இடுக்கு, மார்புக் காம்பு ஆகிய உரசும் இடங்களில் ஓடும் முன் வாசலின் தடவிக்கொள்வது எளிய காப்பு.

எடை குறையும் என்று சொல்லி விற்கப்படும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உடைகளை யாரும் அணியக் கூடாது. அவற்றால் குறைவது நீர் மட்டுமே. தண்ணீர் குடித்ததும் அந்த எடை திரும்பிவிடும். 1997 இறுதியில், எடையைக் குறைப்பதற்காக இத்தகைய உடையணிந்து வெப்பமான சூழலில் பயிற்சி செய்த மூன்று அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் சில வார இடைவெளியில் இறந்தனர். அதன் பிறகு அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் அவை தடை செய்யப்பட்டன.

பெண்களுக்கு விளையாட்டு உள்ளாடை அழகுப் பொருள் இல்லை. மார்பகத்துக்குள் எலும்போ தசையோ கிடையாது. தோலும் மெல்லிய இணைப்புத் திசுவும்தான் அதைத் தாங்குகின்றன. ஓடும்போது மார்பகம் மேல் கீழாக மட்டுமல்லாமல் பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் அசைகிறது. இதற்கான முதல் உள்ளாடை 1977இல் அமெரிக்காவின் வெர்மாண்டில் மூன்று பெண்களால் உருவானது. அடிப்பட்டை உடலோடு இறுக்கமாக நிற்க வேண்டும், ஆனால் ஆழ்ந்து மூச்சிழுக்கத் தடை செய்யக் கூடாது. கடையிலேயே நின்ற இடத்தில் குதித்துப் பார்ப்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஈர உடையும் படர்தாமரையும்

இறுக்கமான உடையை வியர்வையோடு மணிக்கணக்கில் போட்டிருந்தால் தொடை இடுக்கில் படர்தாமரையும், ஈர சாக்ஸால் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண்ணும் வரும். இந்தியாவில் கடந்த சில ஆண்டுகளாகப் பரவிவரும் படர்தாமரைப் பூஞ்சை, வழக்கமான டெர்பினாஃபின் மருந்துக்குப் பல நேரம் கட்டுப்படுவதில்லை. ஸ்டீராய்டு கலந்த களிம்பை மருந்துக் கடையில் தாமாக வாங்கிப் பூசுபவர்களுக்கு அரிப்பு உடனே அடங்கும். நோயோ தோலுக்குள் பரவிக்கொண்டே போகும். பயிற்சி முடிந்ததும் குளித்து, உலர்ந்த உடைக்கு மாற வேண்டும். உடையையும் துண்டையும் பிறரோடு பகிரக் கூடாது. தடிப்பு வந்தால் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்களின் பாதம்

மருத்துவர் சொல்லி நடைப்பயிற்சி தொடங்கி, அதற்கென்றே புதுக் காலணி வாங்குபவர்களில் நீரிழிவு உள்ளவர்கள் மிகப் பலர். மற்ற எல்லோரையும்விட அதிக ஆபத்தில் இருப்பவர்களும் அவர்களே. நீரிழிவால் பாத நரம்புகள் பழுதடைந்தால் உறுத்தல் தெரியாது. மற்றவர்கள் வலி தாங்காமல் காலணியைக் கழற்றிவிடும் இடத்தில், இவர்கள் கொப்புளம் உடைந்த பிறகும் நடந்துகொண்டிருப்பார்கள்.

வலி இழந்த பாதம் எப்படிப் புண்ணாகிறது என்பதை உலகுக்கு விளக்கிய முன்னோடிப் பணி வேலூரில் நடந்தது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் சிதைவதற்கு முதன்மைக் காரணம், வலி தெரியாததால் மீண்டும் மீண்டும் படும் காயமே என்று காட்டினார். அவர்களுக்காக அங்கே வழக்கத்துக்கு வந்த மென்மையான நுண்துளை ரப்பர் செருப்புதான் இன்று எம்.சி.ஆர். செருப்பு என்ற பெயரில் நீரிழிவு நோயாளிகளுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது.

நீரிழிவு உள்ளவர்கள் காலணி வாங்கும் முன் பாத உணர்ச்சிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் இந்தச் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். உணர்ச்சி குறைந்தவர்கள், காலுக்குச் சரியாக இருக்கிறது என்ற தங்கள் உணர்வை நம்பாமல் அளந்து வாங்க வேண்டும். இறுக்கமே அவர்களுக்குப் பொருத்தமாகத் தோன்றும். அணியும் முன் காலணிக்குள் கைவிட்டுக் கல், ஆணி, மடிப்பு ஏதும் இல்லையென்று பார்ப்பது தினசரி வழக்கமாக வேண்டும். முதல் நாளில் அரை மணி நேரத்துக்கு மேல் போடாமல், கழற்றியதும் உள்ளங்கால், விரலிடுக்கு, குதிகால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம், அல்லது வீட்டாரைப் பார்க்கச் சொல்லலாம். சிவந்த தடமோ கொப்புளமோ தெரிந்தால் அந்தக் காலணியை நிறுத்திவிட்டு, வலி இல்லையே என்று காத்திராமல் அன்றே மருத்துவரிடம் போங்கள்.