பென்சில் செல் காலத்து கேமரா

கம்பம் பள்ளத்தாக்கில் பல வீடுகளின் பீரோவில், பழைய பாஸ்புக்குகளுக்கும் நகைக்கடைப் பைகளுக்கும் நடுவே வெள்ளி நிறத்தில் ஒரு சின்ன கேமரா கிடக்கும். 2000-க்குப் பிந்தைய ஐந்தாறு ஆண்டுகளில் வாங்கியதாக இருக்கும். பெரும்பாலும் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்த்த அண்ணனோ மச்சானோ லீவுக்கு வரும்போது கொண்டுவந்தது. அதை வைத்திருந்தவர்களிடம் கேட்டால் ஆசையாகச் சில வார்த்தை சொல்லிவிட்டு உடனே குறைகளை அடுக்குவார்கள். "செல்லைத் தின்னே தீர்த்துடும்", "அமுக்குனா ஆள் போன பிறகுதான் எடுக்கும்", "வெயில்ல ஸ்கிரீனே தெரியாது", "ராத்திரி எடுத்தா புள்ளி புள்ளியா வரும்."

இந்தக் குறைகளில் ஒன்றும் பொய்யில்லை. ஒவ்வொன்றும் அந்தக் கருவியின் ஒரு பாகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. இன்றைய செல்போனும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் அதன் கணினிச் சில்லு எல்லாக் குறைகளையும் மூடி மறைத்துவிடுகிறது. டிஜிட்டல் படம் எப்படிப் பிறக்கிறது என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அந்தப் பழைய கேமராவே நல்ல வாத்தியார்.

வந்த வழி

முதல் டிஜிட்டல் கேமராவை 1975-ல் கோடாக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன் செய்தார். எடை 3.6 கிலோ. படத்தில் மொத்தம் 10,000 புள்ளிகள், அதுவும் கறுப்பு வெள்ளையில். ஒரு படத்தை கேசட் நாடாவில் பதிய 23 விநாடி ஆனது. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் அளவுக்கு இந்தக் கருவி சிறுக்க ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பிடித்தன. 1994-ல் வந்த ஆப்பிள் குயிக்டேக் 100, நல்ல தரத்தில் எட்டே படங்களைத்தான் வைத்துக்கொள்ளும். எடுத்த படத்தை அதிலேயே பார்க்கவும் முடியாது. 1995-ல் விற்பனைக்கு வந்த கேசியோ க்யூவி-10 பின்பக்கத்தில் சிறு திரையை வைத்தது. 1997-ல் சோனி மாவிகா, கணினிக்குப் போடும் 1.44 எம்பி ஃபிளாப்பியிலேயே படத்தைப் பதிந்தது. கேபிளும் வேண்டாம், மென்பொருளும் வேண்டாம் என்பதால் அலுவலகங்கள் அதை விரும்பி வாங்கின.

ஆனால் மாவிகாவின் படம் குறுக்கே 640, நெடுக்கே 480 புள்ளிகள்தான். தாளில் தெளிவாக அச்சிட ஓர் அங்குலத்துக்குச் சுமார் 300 புள்ளிகள் தேவை. அந்தக் கணக்கில் பார்த்தால் மாவிகா படம் இரண்டு அங்குலத்தைச் சற்றே தாண்டும். பாஸ்போர்ட் போட்டோவுக்குச் சரி, ஆல்பத்துக்கு ஆகாது. நம் ஸ்டூடியோக்கள் 'மேக்ஸி' என்று சொல்லும் நாலுக்கு ஆறு அங்குல பிரிண்டுக்கு இருபது லட்சம் புள்ளிகளாவது வேண்டும். 2 மெகாபிக்சல் கேமரா சாதாரண வீடுகள் வாங்கும் விலைக்கு வந்த பிறகுதான் குடும்பப் படங்கள் ரோலை விட்டு கார்டுக்கு மாறின. ஊட்டியில் 1967 முதல் 'இந்து' ஃபிலிம் தயாரித்துவந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஏற்கெனவே நொடித்திருந்தது. இந்த மாற்றத்துக்குப் பின் அதற்கு மீளும் வழியே இல்லாமல் போனது.

ஒளி எப்படி எண்ணாகிறது?

கேமராவின் உள்ளே, லென்ஸுக்குப் பின்னால், ஃபிலிம் இருந்த இடத்தில் ஒரு சிலிக்கான் தகடு இருக்கிறது. அதன் பெயர் சிசிடி. 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லர்ட் பாய்லும் ஜார்ஜ் ஸ்மித்தும் இதை உருவாக்கினார்கள். அதற்காக 2009-ல் நோபல் பரிசு பெற்றார்கள். தகட்டில் லட்சக்கணக்கான நுண்ணிய குழிகள் உண்டு. ஒளி விழுந்ததும் ஒவ்வொரு குழியிலும் எலக்ட்ரான்கள் சேர்கின்றன. வெளிச்சம் அதிகமானால் எலக்ட்ரானும் அதிகம்.

ஒவ்வொரு குழியிலும் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். ஆனால் அளக்கும் கருவி தகட்டின் ஓரத்தில்தான் இருக்கிறது. வீட்டுக்கு கான்கிரீட் போடும்போது ஆட்கள் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றி மேலே அனுப்புவதைப் பார்த்திருப்பீர்கள். சிசிடியும் அதையேதான் செய்கிறது. ஒரு குழியின் எலக்ட்ரான்கள் அடுத்த குழிக்கு, அங்கிருந்து அதற்கடுத்த குழிக்கு என்று வரிசையாக ஓரம்வரை நகர்கின்றன. ஓரத்தில் ஒவ்வொன்றாக அளந்து கேமரா எண்ணாக மாற்றுகிறது.

இந்தக் கைமாற்றத்தை நேரிலேயே பார்க்கலாம். பழைய கேமராவின் திரையை இயக்கி, எரியும் பல்பின் பக்கம் திருப்புங்கள். பல்பின் மேலும் கீழும் நேராக ஒரு வெளிச்சக் கோடு ஓடும். பழுது என்று நினைத்துப் பலர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனதே இந்தக் கோட்டினால்தான். எலக்ட்ரான்கள் அந்த வரிசையில் நகர்ந்துபோகும்போதே பல்பின் கடும் வெளிச்சம் அவற்றில் கசிந்து கலந்துவிடுகிறது. படம் எடுக்கும் நொடியில் மூடி வந்து ஒளியை மறைத்துவிடும் என்பதால் எடுத்த படத்தில் அந்தக் கோடு விழாது. இன்றைய செல்போனில் உள்ள சிமாஸ் வகைத் தகட்டில் ஒவ்வொரு குழிக்கும் தனி அளவி இருக்கிறது. அதனால் கோடும் இல்லை. மாறாக, அது படத்தை வரிவரியாக வாசிப்பதால் ஓடும் மின்விசிறியின் இறக்கை வளைந்து தெரியும்.

பச்சைக்கு இரண்டு, சிவப்புக்கு ஒன்று

குழிகளுக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரியும், நிறம் தெரியாது. கோடாக்கின் பிரைஸ் பேயர் இதற்கு வழி கண்டு 1976-ல் காப்புரிமை பெற்றார். ஒவ்வொரு குழியின் மேலும் ஒரு நிற வடிகட்டி. நான்கு குழிகள் கொண்ட ஒரு கட்டத்தில் இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். மனிதக் கண் பச்சையில்தான் நுணுக்கமாகப் பார்க்கும் என்பதால் பச்சைக்கு இரட்டைப் பங்கு. பச்சைக் குழியில் சிவப்பும் நீலமும் எவ்வளவு இருந்திருக்கும் என்பதை அக்கம்பக்கத்துக் குழிகளைப் பார்த்து கேமரா கணக்குப் போட்டு நிரப்புகிறது. ஆக, படத்தில் உள்ள நிறத் தகவலில் மூன்றில் இரண்டு பங்கு அளந்ததே அல்ல, ஊகித்தது.

பெரும்பாலும் இந்த ஊகம் பிசகாது. பிசகும் இடம் துணி. சக்கம்பட்டி கைத்தறிச் சேலையில் உள்ளதுபோன்ற நெருக்கமான சின்னக் கட்டங்களைச் சற்று தள்ளி நின்று எடுத்தால், சேலையில் இல்லாத வளைகோடுகளும் வானவில் நிறங்களும் படத்தில் நெளியும். துணியின் கட்டமும் தகட்டின் கட்டமும் ஏறக்குறைய ஒரே அளவில் வந்து மோதுவதால் வரும் கோளாறு அது. ஓரடி முன்னே போனாலோ பின்னே வந்தாலோ மறைந்துவிடும்.

திராட்சைத் தோட்டம் இன்னும் கடினமான சோதனை. பந்தலுக்குக் கீழே நிழல், இலை இடுக்கில் பட்டப்பகல் வானம். கேமரா நிழலில் நிற்பவர் முகத்தைச் சரியாக எடுத்தால் வானம் முழுக்க வெளுத்துப்போகும். குழி நிரம்பிவிட்டால் அதற்கு மேல் வரும் ஒளிக்குக் கணக்கே கிடையாது. கல்தூணுக்குக் கல்தூண் இழுத்துக் கட்டிய கம்பியைப் பெரிதாக்கிப் பாருங்கள். வானத்தைத் தொடும் ஓரங்களில் மெல்லிய ஊதா விளிம்பு தெரியும். சின்ன லென்ஸால் எல்லா நிறங்களையும் ஒரே இடத்தில் குவிக்க முடியாததே அதற்கு முக்கியக் காரணம். இந்த வெளிச்ச வேறுபாட்டை நெகட்டிவ் ஃபிலிம் நன்றாகவே தாங்கும். கல்யாண போட்டோகிராபர்கள் பல ஆண்டுகள் டிஜிட்டலை நம்பாமல் இருந்தது வெறும் பிடிவாதம் அல்ல.

இரவுப் படத்தின் புள்ளிகளுக்குக் காரணம் தகட்டின் அளவு. ஃபிலிமின் ஒரு கட்டம் 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம். இந்தக் கேமராக்களின் தகடு சுமார் 5 மி.மீ. அகலம்தான். பரப்பில் நாற்பதில் ஒரு பங்கு. சேரும் ஒளி சொற்பம். அதை மின்சுற்று பெருக்கிக் காட்டும்போது தகட்டின் சொந்த இரைச்சலும் கூடவே பெருகிவிடுகிறது.

வாடிவாசல் மட்டும் விழுந்த படம்

பல்லவராயன்பட்டி ஜல்லிக்கட்டில் இந்தக் கேமராவால் எடுத்த படங்களில் வாடிவாசல் இருக்கும், தூசி இருக்கும், காளை இருக்காது. பொத்தானை ஒரேயடியாக முழுதாக அழுத்தினால், அதன் பிறகுதான் கேமரா வேலையையே தொடங்கும். லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, எந்த நிலையில் விளிம்புகள் கூர்மையாக இருக்கின்றன என்று தேடும். அப்புறம் வெளிச்சத்தை அளக்கும். அதற்குள் காளை கூட்டத்தைத் தாண்டியிருக்கும். விவரம் தெரிந்தவர்கள் பொத்தானைப் பாதி அழுத்திக் காத்திருப்பார்கள். தேடலும் அளவும் அதற்குள் முடிந்துவிடும். காளை தலை காட்டியதும் மீதிப் பாதியை அழுத்தினால் போதும். இதை ஒருமுறை பழகிக்கொண்டவர் கையில் அதே கேமரா வேறு கேமராவாகிவிடும்.

செல் விஷயமும் அப்படித்தான். பெட்டிக்கடையில் வாங்கிய சாதாரண பென்சில் செல் நாலைந்து படத்திலேயே படுத்துவிடும். அதே செல்லைக் கழற்றிச் சுவர்க் கடிகாரத்தில் போட்டால் மாதக்கணக்கில் ஓடும். செல்லில் சக்தி இல்லாமல் இல்லை. திரை, ஃபிளாஷ், லென்ஸ் மோட்டார் மூன்றும் ஒரே நேரத்தில் அதிக மின்னோட்டம் கேட்கும்போது, சாதாரண செல்லின் உள்தடை காரணமாக அழுத்தம் சரிந்துவிடுகிறது. கேமராவோ தீர்ந்துவிட்டது என்று அணைந்துவிடும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்னும் சார்ஜ் ஏற்றும் செல்லின் உள்தடை குறைவு. அதனால் தாக்குப்பிடிக்கும். ஆனால் சும்மா வைத்திருந்தாலே வாரக்கணக்கில் கசிந்து குறைந்துவிடும். விசேஷத்துக்கு முந்தின நாள் இரவு செல்லைச் சார்ஜில் போடுவது அன்றைக்கு வீட்டு வேலைகளில் ஒன்றாக இருந்தது.

கார்டில் இன்னும் எத்தனை படம் எடுக்கலாம் என்று திரையில் தெரியும் எண் நிலையாக இல்லை என்பதும் பலரைக் குழப்பியது. கேமரா படத்தை ஜேபெக் முறையில் சுருக்கி வைக்கிறது. எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, கண் கவனிக்காத நுணுக்கங்களைக் கழித்துவிடும். குமுளி மலைப்பாதையின் பனிமூட்டத்தில் நுணுக்கம் குறைவு, கோப்பும் சிறிது. திராட்சைப் பந்தலில் இலைக்கு இலை விளிம்பு, அதனால் கோப்பு பெரிது. 16 எம்பி கார்டில் இருபது படம் என்று சொன்ன கேமரா தோட்டத்துக்குள் நுழைந்ததும் கணக்கைக் குறைத்துக்கொள்ளும்.

ஈரத்தால் செத்த கேமராக்கள்

சில கேமராக்கள் ஒரு நாள் திடீரென்று முழுக் கறுப்பாகவோ ஊதாக் கோடுகளாகவோ படம் எடுக்கத் தொடங்கின. உரிமையாளர்கள் தாங்கள் கீழே போட்டதால் கெட்டது என்று நினைத்தார்கள். 2005 அக்டோபரில் உண்மை வெளிவந்தது. சோனி தயாரித்து, கேனான், நிக்கான், ஃபியூஜிஃபிலிம் உள்ளிட்ட பல நிறுவனங்களுக்கும் கொடுத்த சிசிடி தகடுகள் சிலவற்றில், உள்ளே இருக்கும் நுண்கம்பிகளின் இணைப்பு விட்டுப்போயிருந்தது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் வைத்திருந்தாலோ பயன்படுத்தினாலோ இது நேரும் என்று அறிவித்து, அந்த மாடல்களை இலவசமாகப் பழுதுபார்க்க நிறுவனங்கள் முன்வந்தன. தென்மேற்குப் பருவமழை மலையைத் தாண்டிச் சாரலாக இறங்கும் ஊர்களில் இருந்தவர்கள் தங்கள் மேல் தாங்களே சுமத்திக்கொண்ட பழி தேவையற்றது.

இப்போது செய்ய வேண்டியது

ரோல் காலத்துப் படத்துக்கு நெகட்டிவ் இருக்கிறது, ஆல்பம் இருக்கிறது. செல்போன் காலத்துப் படம் பெரும்பாலும் இணையச் சேமிப்பில் ஏறிவிடுகிறது. நடுவே வந்த இந்தப் பத்தாண்டின் படங்களுக்குத்தான் ஆபத்து அதிகம். கார்டில் படம் என்பது காப்பிட்ட நுண்ணறைகளில் அடைபட்ட மின்னூட்டம். ஆண்டுகள் போகப்போக அது மெல்லக் கசியும். கணினி சென்டரில் எழுதி வாங்கிய சிடியின் சாயம் வெயிலிலும் வெப்பத்திலும் மங்கும். கணினியில் ஏற்றியவையோ அந்த ஹார்டு டிஸ்க்கோடு போயின. எக்ஸ்டி, மெமரி ஸ்டிக், காம்பேக்ட் ஃபிளாஷ் கார்டுகளை வாசிக்கும் ரீடர் இன்னும் சில ஆண்டுகளில் தேடினாலும் கிடைக்காமல் போகலாம்.

ஆகவே இந்த வாரமே அந்தக் கேமராவை எடுங்கள். செல் கசிந்து வெள்ளைப் பூத்திருந்தால், வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். கார்டைக் கழற்றி ரீடரில் போட்டுப் படங்களை நகலெடுங்கள். ஃபார்மட் செய்யவா என்று எந்தத் திரை கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். நகலை இரண்டு இடங்களில் வையுங்கள். முக்கியமானவற்றை மேக்ஸியில் பிரிண்ட் போட்டு, பின்பக்கம் பெயரும் ஆண்டும் எழுதுங்கள். உள்ளிருக்கும் கடிகாரம் நின்றுபோயிருந்தால் கேமரா பதிந்த தேதி தவறாக இருக்கும் என்பதால், விசேஷத்தை நினைவு வைத்திருப்பவர்களிடம் இப்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

அதன் பிறகு புதுச் செல் போட்டு, வீட்டில் எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளையிடம் கேமராவைக் கொடுங்கள். டிவி ரிமோட்டை லென்ஸுக்கு நேரே நீட்டி ஒரு பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, கேமராத் திரையில் ஊதா கலந்த வெள்ளையாகத் துடிக்கும். அது ஏன் என்று அந்தப் பிள்ளை கேட்கும். சிலிக்கானுக்கு நம் கண்ணைவிட அகலமான பார்வை உண்டு என்று அங்கிருந்து பாடத்தைத் தொடங்கலாம்.