புரோக்கருக்கு எதற்குப் பணம்?

முதியோர் பென்ஷன் என்றாலே 'யாரைப் பிடிக்கணும், எவ்வளவு கொடுக்கணும்' என்றுதான் பலர் கேட்கிறார்கள். யாருக்கும் கொடுக்க வேண்டாம், தோழிகளே!

1962-ல் மாதம் 20 ரூபாயில் தமிழக அரசு தொடங்கிய திட்டம் இது. 2023 ஆகஸ்டில் ஆயிரம் ரூபாய், 1,200 ஆனது. 60 வயது நிறைந்து, ஆதரவோ வருமானமோ இல்லாதவர்களுக்கு உரியது. ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், போட்டோவுடன் இ-சேவை மையத்தில் பதியலாம், சிறு கட்டணம்தான். ரசீதை மறக்காமல் வாங்குங்கள். வி.ஏ.ஓ.வும் ஆர்.ஐ.யும் விசாரித்து அனுப்ப, தனி தாசில்தார் உத்தரவு போடுவார்.

எங்கள் திருநீர்மலையில், மலையடிவாரத்தில் பூ விற்கும் பாட்டியிடம் ஒரு புரோக்கர் மூவாயிரம் கேட்டிருக்கிறார். பாவம், காதுத் தோட்டை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார். பக்கத்து வீட்டு அக்காவும் நானும் தடுத்து, நாங்களே அழைத்துப்போய்ப் பதிந்தோம். 'பெத்த பிள்ளை கவனிக்கலேன்னு எப்படிம்மா வாய்விட்டுச் சொல்றது?' என்று விசாரணையன்று பாட்டி தயங்கினார். 'இது பிச்சை இல்லை பாட்டி, உள்ளதை உள்ளபடி சொல்லுங்க' என்றார் அக்கா. சொன்னார். நான்காம் மாதம் பணம் வந்தது; தோடும் காதிலேயே இருக்கிறது.

மனு இழுத்தடித்தால், திங்கட்கிழமைகளில் கலெக்டர் ஆபீசில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கலாம். எங்களுக்கு அது செங்கல்பட்டு.

சீரியல் பார்க்கும் நேரத்தில் ஒரு மணி நேரத்தை உங்கள் தெருப் பாட்டிக்காக ஒதுக்குங்களேன்!

– ஒரு வாசகி, திருநீர்மலை.