மல்லாந்து நகரும் புழு

அம்மையார்குப்பத்தில் தறிக் குடும்பங்கள் அதிகம். ஆனாலும் என் எட்டாம் வகுப்பில் வேர்க்கடலை பயிரிடும் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. சென்ற ஆண்டு ஒரு மாணவி எருக்குழியிலிருந்து நான்கு வெள்ளைப் புழுக்களை டப்பாவில் கொண்டுவந்தாள்.

"சார், இது கடலைச் செடியைத் தின்னுமா?"

பழுப்புத் தலை, அரிவாள் போல வளைந்த உடல். "வேர்ப்புழுதான், தின்னும்" என்றேன்.

மறுநாள் அவள், "எருவை நிலத்துல போட வேணாம்னு அப்பா சொல்லிட்டாரு சார்" என்றாள். டப்பா வகுப்பிலேயே இருந்தது. புழுக்களை மேசைமேல் விட்டோம். "சார், இது மல்லாந்து போகுது!" என்றான் ஒரு மாணவன். என் தவறு அப்போதுதான் புரிந்தது.

வளைந்த வெள்ளைப் புழுக்கள் எல்லாம் ஒன்றல்ல. நம் பகுதியில் மூன்றைப் பிரித்தறிந்தால் போதும்.

வேர்ப்புழு: நிலத்து மண்ணில் இருக்கும். வேர்க்கடலை, கரும்பு வேர்களைத் தின்பதால் செடி வாடும். இழுத்தால் எளிதில் கையோடு வரும். மேசையில் விட்டால் வளைந்து பக்கவாட்டில் கிடக்கும். இதன் தாய் வண்டு பழுப்பு நிறம். கோடை மழைக்குப் பின் அந்தி நேரத்தில் மண்ணிலிருந்து கிளம்பி வேப்ப இலையைத் தின்னும். அப்போது கிளையை உலுக்கி, விழும் வண்டுகளை மண்ணெண்ணெய் கலந்த நீரில் போட்டு அழிக்கலாம்.

காண்டாமிருக வண்டின் புழு: எருக்குழியில் இருக்கும். வளர்ந்த புழு கட்டைவிரல் பருமன். இதுவும் மல்லாந்து நகராது. மட்கியதையே தின்னும், ஆனால் வண்டானதும் தென்னங்குருத்தைத் துளைக்கும். ஆகவே எருவைக் கிளறிப் பொறுக்கிவிட வேண்டும்.

பூவண்டின் புழு: இதுவும் எருவில்தான். கால்கள் மிகக் குட்டை. கால்களை மேலே வைத்து, முதுகால் உந்தி நகரும். மட்கிய பொருளைத் தின்று எருவாக்க உதவும். உயிருள்ள வேரைத் தேடிப் போகாது. இதன் வண்டு பகலில் பூக்களில் திரியும்.

மூன்றும் வண்டான பின், உணர்கொம்பின் நுனி விசிறி மடிப்புப் போல விரியும். தீப்பெட்டியில் பிள்ளைகள் வளர்க்கும் பொன்வண்டுக்கு அந்த விசிறி இல்லை. அது வேறு குடும்பம்.

அன்று மாலையே மாணவியின் வீட்டுக்குப் போய், நான் சொன்னது தவறு என்று அவள் அப்பாவிடம் சொன்னேன். எரு நிலத்துக்குப் போனது. இப்போது என் வகுப்பில் புழு மேசையில் நகர்ந்த பிறகுதான் அதற்குப் பெயர் சொல்கிறோம்.