கட்டிலுக்குள் ஒரு கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் என்றால் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் என்றுதான் நாம் நினைக்கிறோம். மதுரை கே.கே. நகரில் உள்ள எங்கள் வீட்டில் ஒரு கட்டிலும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. ரிமோட்டை அழுத்தினால் தலைப்பக்கமும் கால்பக்கமும் தனித்தனியே உயரும் மோட்டார் கட்டில் இது. வாங்கியபோது என் மனைவிக்கு ஏழாவது மாதம். நெஞ்செரிச்சலால் இரவு முழுக்கச் சுவரில் சாய்ந்தபடி தூங்கிக் கொண்டிருந்தார். தலைப்பக்கத்தை உயர்த்திப் படுக்கச் சொன்னார் டாக்டர். "ரெண்டு இலவம்பஞ்சு தலையணையை அடுக்கி வச்சாப் போதாதா மாப்ளே?" என்றார் அத்தை. நான் சாஃப்ட்வேர்காரன் ஆயிற்றே! மாதத் தவணையில் கட்டில் வந்து இறங்கியது.

இது எப்படி இயங்குகிறது? பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. அடியில் ஒரு டிசி மோட்டார் நீளமான திருகு ஒன்றைச் சுழற்றும். திருகின் மீதுள்ள நட் முன்னால் நகர்ந்து, மெத்தையின் கீழுள்ள சட்டத்தைத் தள்ளி உயர்த்தும். இதற்கு லீனியர் ஆக்சுவேட்டர் என்று பெயர். நம் 230 வோல்ட் ஏசி மின்சாரத்தை அடாப்டர் குறைந்த வோல்ட் டிசியாக மாற்றித் தரும். லேப்டாப் சார்ஜர் செய்யும் அதே வேலைதான். ரிமோட்டின் சிக்னலைப் பெற்று மோட்டாரை இயக்குவது கன்ட்ரோல் பாக்ஸ். அதனுள் இருக்கும் சின்னச் சிப்தான் கட்டிலின் மூளை. உங்களுக்குப் பிடித்த நிலையை அதன் மெமரியில் சேமித்து வைக்கலாம். "ஜீரோ கிராவிட்டி" என்றொரு பட்டனும் இருக்கும். புவியீர்ப்பு ஒன்றும் மறைந்துவிடாது! விண்வெளியில் எடையற்ற நிலையில் உடல் தானாக எடுக்கும் வளைவை 1970களில் ஸ்கைலாப் ஆய்வுக்கூடத்தில் கவனித்தார்கள். பெயர் அங்கிருந்து வந்தது.

கணவன், மனைவி இருவருக்கும் என்றால் 72 அங்குல அகலத்தை 36 அங்குலமாக இரண்டாகப் பிரித்துத் தருவார்கள். இரண்டு மெத்தை, இரண்டு கன்ட்ரோல் பாக்ஸ், இரண்டு ரிமோட். முதல் நாள் இரவு புத்தகம் படிக்க நான் என் பக்கத்தை உயர்த்தினேன். "என்னங்க, நான் எதுக்கு எந்திரிக்கிறேன்?" என்று குரல் வந்தது. இரண்டு பெட்டிகளும் ஒரே ரிமோட்டுடன் பேரிங் ஆகியிருந்தன. ப்ளூடூத் ஹெட்செட்டைத் தவறான போனுடன் இணைப்பது போன்ற தவறு இது. ஒரு பெட்டியின் பிளக்கைக் கழற்றிவிட்டு, மேனுவலில் சொன்னபடி மற்றதை அதன் ரிமோட்டுடன் மட்டும் இணைத்தேன். பிறகு அடுத்ததையும் அவ்வாறே செய்தேன். சரியாகிவிட்டது.

உண்மையான சோதனை மூன்றாம் நாள் வந்தது. இரவு 2 மணி இருக்கும். மனைவியின் பக்கம் தலையும் காலும் உயர்ந்திருந்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது. மோட்டார் நின்றாலும் திருகு தானாகப் பின்வாங்காது. கட்டில் உயர்ந்தபடியே நிற்கும். பாத்ரூம் போக வேண்டும். அந்தக் குழிவிலிருந்து, ஏழு மாத வயிற்றோடு, அவரால் புரண்டு எழ முடியவில்லை. நான் போனில் ஆப்பைத் திறந்து தட்டிக் கொண்டிருந்தேன். மோட்டாருக்கே கரண்ட் இல்லாதபோது ஆப் என்ன செய்யும்? "போனை வச்சுட்டுக் கையைப் பிடிங்க" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் டார்ச் அடித்து அடியில் பார்த்தேன். இரண்டு 9 வோல்ட் பேட்டரிகள் போட வேண்டிய அறை காலியாக இருந்தது. மின்தடையில் கட்டிலை ஒருமுறை கீழே இறக்குவதற்கான ஏற்பாடு அது. கட்டிலைப் பொருத்தியவர் சொல்லவில்லை. நானும் மேனுவலில் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை. பேட்டரி போட்டதோடு, பிளக்கை இன்வெர்ட்டர் லைனுக்கும் மாற்றினேன். மோட்டார் ஓடுவது சில விநாடிகள்தான் என்றாலும், அடாப்டரில் அச்சிட்டுள்ள வாட்ஸ் அளவை உங்கள் இன்வெர்ட்டர் தாங்குமா என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

கரண்ட் இருந்தும் கட்டில் முரண்டு பிடித்த கதையும் உண்டு. 2025 அக்டோபர் 20, நமக்குத் தீபாவளி. அன்று அமேசானின் கிளவுட் சர்வர்கள் அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் முடங்கின. எய்ட் ஸ்லீப் என்ற நிறுவனத்தின் படுக்கைகள் இன்டர்நெட் வழியே சர்வரைக் கேட்டு இயங்குபவை. சிலருக்குப் படுக்கை சூடாகிக் கொண்டே போனது. சிலருக்குச் சாய்ந்த நிலையிலேயே நின்றுவிட்டது. நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். பிறகு, நெட் இல்லாவிட்டாலும் ப்ளூடூத் மூலம் இயக்கும் வசதியைக் கொண்டு வந்தார்கள்.

எனவே கடையில் மெத்தையை அழுத்திப் பார்ப்பதற்கு முன், வைஃபையை அணைத்துவிட்டு ரிமோட்டை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். பேட்டரி அறை எங்கே என்று கேளுங்கள். பழைய தேங்காய் நார் மெத்தையை இதன் மேல் போடலாம் என எண்ண வேண்டாம், அது வளையாது. வீட்டில் குழந்தை இருந்தால் ரிமோட்டில் லாக் உண்டா என்றும் பாருங்கள். கட்டில் இறங்கும்போது அடியில் யாரும் இருக்கக் கூடாது.

இரண்டு மெத்தைகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளிக்கு மட்டும் எந்த மேனுவலிலும் வழியில்லை. அத்தை ஒரு பழைய சுங்குடிச் சேலையை நீளமாக மடித்துச் செருகினார். தலைப்பக்கம் உயரும்போது அது நழுவி விழுகிறது. காலையில் எடுத்து மறுபடி செருகிக் கொள்கிறோம்.