சிறுவர்களின் பகுதிநேர ஊதிய வேலை

சிறுவர்களின் பகுதிநேர ஊதிய வேலை என்பது, பள்ளி நேரம் போக எஞ்சிய நேரத்திலும் விடுமுறை நாட்களிலும் அவர்கள் கூலிக்குச் செய்யும் வேலையைக் குறிக்கும். இதை அனுமதிக்கலாமா என்பதற்கு விடை காண, சிறுவரின் வயதோடு கூலி கணக்கிடப்படும் முறையையும் பார்க்க வேண்டும். இதற்கு விழுப்புரம், திண்டிவனம் வட்டாரம் நல்ல எடுத்துக்காட்டு.

வட்டாரப் பின்னணி

விழுப்புரம் மாவட்டம் 1993-இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிக்கப்பட்டது. நெல், கரும்பு, இவ்வட்டார மக்கள் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலை ஆகியவை முக்கியப் பயிர்கள். 2011 கணக்கெடுப்பின்படி மாநில எழுத்தறிவு சுமார் 80 விழுக்காடு. அப்போதைய விழுப்புரம் மாவட்டத்தில் சுமார் 72 விழுக்காடு.

விவசாயக் கூலி கிடைக்காத மாதங்களில் பல குடும்பங்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் செல்கின்றன. சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு எனக் கூலி பேசப்படுகிறது. தந்தை கல் அறுக்க, பிள்ளைகள் அதைத் திருப்பிப் போட்டு, காய்ந்ததும் அடுக்குவார்கள். கூலி ஒரே பெயரில் எழுதப்படுவதால் பிள்ளையின் உழைப்பு எந்தக் கணக்கிலும் தெரிவதில்லை. சூளை வேலை மும்முரமாக நடக்கும் கோடையும் ஆண்டுத் தேர்வும் ஒன்றாக வருவதால் படிப்பு பாதியில் நிற்கிறது.

சட்டம் சொல்வது

குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் (தடை மற்றும் ஒழுங்குமுறைப்படுத்துதல்) சட்டம் 1986-இல் இயற்றப்பட்டு 2016-இல் திருத்தப்பட்டது. அதன்படி:

• 14 வயது நிறையாதவரைக் கூலி வேலைக்கு அமர்த்தக் கூடாது. நிபந்தனைகளுடன் கூடிய கலைத்துறைப் பணி மட்டும் விலக்கு.
• குடும்பமே நடத்தும், ஆபத்தில்லாத தொழிலில் பள்ளி நேரத்திற்குப் பின் உதவலாம். 2017 விதிகளின்படி இது 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பிறருக்குச் சொந்தமான சூளையில் பெற்றோருக்கு உதவுவது இதில் சேராது.
• 14 முதல் 18 வயது வரையுள்ளோரைச் சுரங்கம், வெடிபொருள் போன்ற ஆபத்தான தொழில்களில் அமர்த்தக் கூடாது. மற்ற வேலைகளில், ஓய்வையும் சேர்த்து நாளுக்கு 6 மணி நேரமே உச்சவரம்பு. இரவு 7 முதல் காலை 8 வரை வேலை கூடாது. வாரம் ஒரு நாள் விடுமுறை தர வேண்டும்.
• சட்டத்தை மீறி வேலைக்கு அமர்த்துபவருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

ஆதரவும் எதிர்ப்பும்

பகுதிநேர வேலை பொறுப்பையும் பணத்தின் அருமையையும் கற்றுத்தரும் என்பது ஆதரவாளர் வாதம். மேல்நிலைப் பள்ளி மாணவர் விடுமுறையில் ஒரு கடையில் கணக்கு எழுதினால் இது பொருந்தலாம். அந்த வேலையை வேண்டாம் என்று விட்டுவிட அவரால் முடியும். முன்பணக் கடனில் சிக்கிய குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த உரிமை இல்லை.

அரை நாள் படிப்பு, அரை நாள் தொழில் என்ற எண்ணத்தைத் தமிழகம் ஏற்கெனவே சோதித்துப் பார்த்துள்ளது. 1953-இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளி நேரத்தை 3 மணியாகக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றது. பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகமும் இதைக் குலக்கல்வி என்று எதிர்த்தனர். 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. பின்னர் வந்த மதிய உணவுத் திட்டமும், 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் சுமையைக் குறைத்தன.

தீர்வு

பிள்ளையின் கையும் சேர்ந்தால்தான் குடும்பக் கூலி நிறையும் என்றால், பெரியவர்களின் கூலி போதவில்லை என்றே பொருள். பிள்ளைகள் உழைக்க உழைக்க அந்தக் குறைந்த கூலியே நிலைத்துவிடுகிறது. ஆகவே பெரியவர்களுக்கு முறையான கூலி, முன்பணக் கடனிலிருந்து விடுதலை, குடும்பம் இடம்பெயரும்போது அங்குள்ள பள்ளியில் உடனடிச் சேர்க்கை ஆகிய மூன்றும் தேவை. குழந்தைத் தொழிலாளர் பற்றி 1098 என்ற இலவச எண்ணில் எவரும் தகவல் தரலாம்.