அஞ்சு வருஷம், ரெண்டு டிகிரி: ‘4+1’ ஜர்னலிசம் படிப்புல உண்மையில என்ன மிச்சம்?

பிளஸ் டூ முடிச்சுட்டு அமெரிக்காவுல ஜர்னலிசம் படிக்கலாமான்னு தேடுறவங்க கண்ணுல அடிக்கடி படுற ஒரு வார்த்தை, ‘ஆக்சிலரேட்டட் மாஸ்டர்ஸ்’. சில இடங்கள்ல ‘4+1’னு போட்டிருப்பாங்க. ஒரே பல்கலைக்கழகத்துல சுமார் அஞ்சு வருஷம் படிச்சா பேச்சலர்ஸ், மாஸ்டர்ஸ் ரெண்டும் கைக்கு வந்துடும். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தோட மெடில், அரிசோனா ஸ்டேட்டோட வால்டர் க்ரான்கைட் ஸ்கூல் மாதிரி பேர்போன இடங்கள்லயே இந்த வழி இருக்கு. அந்த நேரம் எங்கிருந்து மிச்சமாகுது? யாருக்கு அது லாபம்? இன்னைக்கு இதைத்தான் பேசப்போறோம்.

கணக்கு ரொம்ப சிம்பிள்

அங்க படிப்பை அளக்கிறது கிரெடிட்டை வச்சு. பேச்சலர்ஸுக்குப் பொதுவா 120 கிரெடிட். மாஸ்டர்ஸுக்குப் பல இடங்கள்ல 30-லேர்ந்து 36. தனித்தனியா படிச்சா குறைஞ்சது 150.

4+1-ல என்ன பண்றாங்கன்னா, நாலாவது வருஷத்துலயே மூணு நாலு மாஸ்டர்ஸ் வகுப்புகள்ல உக்கார விடுறாங்க. வகுப்புக்கு 3 கிரெடிட்னு வச்சா 9 அல்லது 12 கிரெடிட். இது ரெண்டு டிகிரி கணக்குலயும் ஏறும். 30 கிரெடிட் மாஸ்டர்ஸ்னா, மீதி 18-லேர்ந்து 21. மாஸ்டர்ஸ்ல ஒரு செமஸ்டருக்கு 9 கிரெடிட் எடுத்தாலே பெரும்பாலும் முழுநேரப் படிப்புதான். ஆக ரெண்டு செமஸ்டர், தேவைப்பட்டா ஒரு கோடைகால வகுப்பு. கதை முடிஞ்சது.

அதாவது, யாரும் பாடத்தை வேகமா நடத்துறதில்லை. மூணு நாலு வகுப்பு குறையுது, அவ்வளவுதான். அந்த வகுப்புகளுக்கான ஃபீஸும் குறையுது.

இதுக்கு மூணாவது வருஷத்துல விண்ணப்பிக்கணும். ஜிபிஏ பொதுவா 3.0-க்குக் குறையக்கூடாது, சில இடங்கள்ல இன்னும் கூட கேப்பாங்க. பல இடங்கள்ல ஜிஆர்இ தேவைப்படாது.

நம்ம ஊர்லயும் அஞ்சுதானே?

நல்ல கேள்வி. தமிழ்நாட்டுல வழக்கமான பாதை மூணு வருஷ பி.ஏ., ரெண்டு வருஷ எம்.ஏ. கூட்டினா அதே அஞ்சு. அமெரிக்காவுல சாதாரண பாதை அஞ்சரை, ஆறு வருஷம் ஆகுறதாலதான் அவங்களுக்கு இது ‘ஆக்சிலரேட்டட்’. இங்கேர்ந்து போறவங்களுக்கு நேரம் மிச்சம்னு சொல்ல முடியாது.

இன்னொண்ணு: 4+1 அந்தந்தப் பல்கலைக்கழகத்தோட சொந்த மாணவர்களுக்குத்தான். இங்க மூணு வருஷம் முடிச்சுட்டு அங்க போய் நேரா ‘+1’ல ஏற முடியாது.

மாஸ்டர்ஸ் வேணுமா?

பத்திரிகையாளர் ஆக லைசென்ஸ் எதுவும் கிடையாது, அங்கயும் சரி, இங்கயும் சரி. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை, ரிப்போர்ட்டர் வேலையில சேர வழக்கமான தகுதியா சொல்றது பேச்சலர்ஸைத்தான். எடிட்டர் முதல்ல கேக்கிறது நீங்க செஞ்ச ஸ்டோரிகளை.

அதனாலதான் 1908-ல தொடங்கின மிசூரி ஜர்னலிசம் ஸ்கூல்ல மாணவர்கள் ‘கொலம்பியா மிசூரியன்’ங்கிற நிஜப் பத்திரிகையிலயும் கேஓஎம்யூ டிவியிலயும் வேலை பார்த்தே கத்துக்கிறாங்க. டேட்டா ஜர்னலிசம் மாதிரி தனித்திறமை, கம்யூனிகேஷன்ஸ்ல மேல்நிலை வேலை, கல்லூரியில பாடம் நடத்துறதுன்னு தெளிவான இலக்கு இருந்தா மாஸ்டர்ஸ் கைகொடுக்கும். ‘இன்னும் ஒரு வருஷம்தானே’ங்கிறது மட்டும் காரணமா இருந்தா, அந்த வருஷத்தை நியூஸ்ரூம்ல கழிக்கிறது மேல்.

சின்ன எழுத்துல இருக்கிறது

ஒண்ணு, ஸ்காலர்ஷிப். பேச்சலர்ஸுக்குன்னு கொடுத்த உதவித்தொகை பெரும்பாலும் அதோட நின்னுடும். அமெரிக்க மாணவர்கள் வாங்குற பெல் கிராண்ட்டும் பேச்சலர்ஸ் கையில வந்தப்புறம் பொதுவா கிடையாது. அந்தக் கடைசி வருஷச் செலவைத் தனியா கணக்குப் போட்டே ஆகணும்.

ரெண்டு, நடுவுல விலகினா. பேச்சலர்ஸ் டிகிரி எங்கயும் போகாது. ஆனா அதுல கணக்கு வச்ச மாஸ்டர்ஸ் கிரெடிட்டை, பின்னாடி வேற பல்கலைக்கழகத்துல மாஸ்டர்ஸ் சேரும்போது பெரும்பாலும் ஏத்துக்க மாட்டாங்க. மிச்சம் பிடிச்சது அங்கயே போயிடும்.

மூணு, விசா. எஃப்-1 மாணவர்கள் படிப்பு சம்பந்தமா வேலை பார்க்குற ஓபிடி, ஒவ்வொரு டிகிரி நிலைக்கும் 12 மாசம். பேச்சலர்ஸ்லேர்ந்து இடைவெளி விடாம மாஸ்டர்ஸுக்குப் போனா, பேச்சலர்ஸுக்குக் கிடைக்க வேண்டிய அந்த வேலை வருஷம் பொதுவா கைநழுவிடும்.

இந்த முடிவை எடுக்கும்போது உங்களுக்கு வயசு இருபது, இருபத்தொண்ணு இருக்கும். வீட்டுல கடன் வாங்கி அனுப்பியிருப்பாங்க. அதனால அட்மிஷன் ஆபீஸ்ல மூணே கேள்வி எழுத்துல கேளுங்க: எத்தனை கிரெடிட் ரெண்டு பக்கமும் ஏறும்? கடைசி வருஷ ஃபீஸ் எவ்வளவு? எந்தத் தேதி வரைக்கும் மனசு மாத்திக்கலாம்? பதில் வந்தப்புறம் முடிவு பண்ணுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.